மட்டம் வேறு, இருப்பு வேறு

மேட்டூர் அணையின் நீர்மட்டம் இன்று எத்தனை அடி என்று விசாரிக்காத விவசாயி காவிரிப் பாசனப் பகுதியில் ஒருவரும் இரார். 1934-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வணையின் முழு மட்டம் 120 அடி. நிறைந்துள்ள காலத்தில் அதன் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மட்டம் 100 அடிக்கு இறங்கும்போதோ இருப்பு ஏறத்தாழ 65 டி.எம்.சி.யாகக் குறைந்து விடுகிறது. உயரத்தில் குறைந்தது ஆறில் ஒரு பங்கு. நீரில் குறைந்ததோ பத்தில் மூன்று பங்கு. அணை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருப்பதே காரணம். இதனை எவரும் எழுதிக் கற்பிக்காமலே நம் விவசாயிகள் அறிவர். அடிக்கணக்கைக் கேட்டவுடன், "அப்படியானால் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் அவர்கள்.

இவ்வளவு தெளிந்த அறிவு, அதே விவசாயிகளும் நெசவாளர்களும் அங்கத்தினர்களாயுள்ள சங்கங்களின் தொட்டிகளுக்கும் களஞ்சியங்களுக்கும் வரும்போது எங்கே போய்விடுகிறது என்பதே நம் கேள்வி. எண்ணெய்த் தொட்டியில் கோலை விட்டு எடுக்கிறார்கள். ஈரம் பட்ட இடத்தைப் பார்க்கிறார்கள். ஓர் எண்ணை இருப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். அந்த எண் மட்டமா, இருப்பா என்று கேட்பவர் இல்லை. கேட்காததன் பலனைப் பல ஆண்டுகளாகத் தணிக்கையின்போது நாம் கண்டு வருகிறோம். அது பற்றி அங்கத்தினர்களிடம் ஒளிவின்றிச் சில வார்த்தைகள் சொல்வது நம் கடமை என்று கருதுகிறோம்.

முதலில், நாமே தவறவிருந்த ஒரு சம்பவத்தைக் கூறுவோம். சங்கத்தின் பெயர் வேண்டியதில்லை. நிலக்கடலை விளைவிப்போர் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. சொந்தமாகச் செக்கும், எண்ணெய் சேமிக்க 10,000 லிட்டர் கொள்ளும் உருளைத் தொட்டியும் உண்டு. தொட்டி படுக்கைவாட்டில் வைக்கப்பட்டது. குறுக்களவு 2 மீட்டர். பழைய பண்டகக் காப்பாளர் ஓய்வு பெற்றபோது புதியவர் பொறுப்பேற்றார். அன்று கோல் காட்டிய மட்டம் 50 சென்டிமீட்டர். இரண்டு மீட்டரில் கால் பங்கு 50 சென்டிமீட்டர். ஆகவே பத்தாயிரத்தில் கால் பங்கு 2,500 லிட்டர் என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டனர். தொட்டியோடு வந்த அளவு அட்டவணை எப்போதோ காணாமற் போயிருந்தது.

அடுத்த சில வாரங்களில் அந்த எண்ணெய் முழுவதும் 15 லிட்டர் டின்களில் விற்பனையாயிற்று. தொட்டி காலியானபோது கணக்கிலோ இன்னும் ஐந்நூறு லிட்டருக்கு மேல் இருப்பு நின்றது. தொட்டியின் அடியை வழித்தெடுத்தும் பயனில்லை. முப்பத்தாறு டின் எண்ணெய் எங்கே என்று நிர்வாகக் குழு கேட்டது. புதிய காப்பாளரால் பதில் சொல்ல இயலவில்லை. தண்டத் தீர்வை நடவடிக்கைக்குக் காகிதங்கள் தயாராயின. ஊரிலும் பேச்சுப் பரவிவிட்டது. அவருடைய மகளுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சம்பந்தம் தள்ளிப்போயிற்று என்று பின்னர் அறிந்தோம். காகிதங்களைப் பார்த்த நாமும் முதல் நாள் அவரைச் சந்தேகித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டாம் நாள் அந்தத் தொட்டியின் முன் நின்றபோதுதான் நமக்கு மேட்டூர் நினைவு வந்தது. படுத்த உருளையின் அடியும் மேலும் குறுகியவை; நடுவே அகன்றது. பாதி உயரத்தில் பாதிக் கொள்ளளவு இருக்கும் என்பது சரி. கால் உயரத்தில் இருப்பது கால் பங்கன்று, நூற்றுக்குப் பத்தொன்பதரைதான். பத்தில் ஒரு பங்கு உயரத்தில் நூற்றுக்கு ஐந்துதான். பள்ளிக்கூடக் கணிதத்தைக் கொண்டே எவரும் இதைச் சரிபார்க்கலாம். வாய்க் கணக்கில் விளங்காதவர்களுக்காக, முத்திரையிட்ட அளவையால் தொட்டியில் நூறு நூறு லிட்டராகத் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் கோலில் மட்டத்தைக் குறித்துக் காட்டினோம். கோல் 50 சென்டிமீட்டரைத் தொட்டபோது உள்ளே சென்றிருந்த தண்ணீர் ஏறத்தாழ 1,950 லிட்டர். காணாமற் போன எண்ணெய் ஒருநாளும் இருந்ததேயில்லை. நிர்வாகக் குழுத் தலைவர் அந்தக் காப்பாளரின் கையைப் பற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க தம்பி" என்றார். ஒரு தாளில் அடங்கும் அட்டவணை இல்லாமற் போனதால் ஒரு நாணயமான மனிதர் இத்தனை நாள் திருடர் என்று பெயர் சுமந்தார்.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அட்டவணையில்லாத தொட்டி நேர்மையானவரைத் திருடராக்குவது போலவே, திருடரை நேர்மையானவராகவும் காட்டும். அதே தொட்டியில் முக்கால் உயரத்துக்கு எண்ணெய் இருந்தால் உண்மை இருப்பு ஏறத்தாழ 8,050 லிட்டர். விகிதக் கணக்கு போடுபவர் புத்தகத்தில் 7,500 என்று எழுதுவார். நடுவேயுள்ள 550 லிட்டரை யார் எடுத்துச் சென்றாலும் புத்தகம் குறைவு காட்டாது. வாரத்துக்கு ஒரு முறை உண்டியலைப் பூட்டிச் சாவியை எண்ணும் சங்கங்கள், இந்த உண்டியலின் வாய் திறந்து கிடப்பதை அறியாமலிருப்பது விந்தையே.

அட்டவணை இருந்தாலும் கோலைப் பிடிக்கும் கை பொறுமையுடையதாக இருக்க வேண்டும். அந்தத் தொட்டியின் நடுப்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 64 லிட்டர். அடியிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரத்திலோ ஒரு சென்டிமீட்டர் சுமார் 28 லிட்டர்தான். கோல் சாய்ந்திருந்தாலும், நுனி தேய்ந்திருந்தாலும், திரவம் அலைந்துகொண்டிருந்தாலும் அந்த ஒரு சென்டிமீட்டர் தவறிவிடும். பால் குளிரூட்டும் தொட்டிகளில் கலக்கியை நிறுத்தி, பால் அசைவடங்கி, நுரையும் தணிந்தபின் கோலை விடுவதை நல்ல சங்கங்களில் காணலாம். எண்ணெய்க்கு வெப்பமும் ஒரு கணக்கு. காலையில் அளந்த 10,000 லிட்டர் எண்ணெய் பத்து டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 70 லிட்டர் பருத்துக் காட்டும். குளிர்ந்தால் அவ்வளவும் சுருங்கும். ஆகவே மட்டத்தோடு வெப்பநிலையையும் அளந்த நேரத்தையும் எழுதாத பதிவு பாதிப் பதிவே.

தானியத்தின் வழக்கு இன்னும் கடினமானது. மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்று களத்துமேட்டில் நடந்த சச்சரவுகளை முதியோர் அறிவர். இப்போது அதே சச்சரவு பெரிய உருளைக் களஞ்சியத்துக்குள் குடிபுகுந்திருக்கிறது. திரவம் தானே மட்டமாகும்; நெல் ஆகாது. மேலிருந்து நடுவில் கொட்டினால் கூம்பாகக் குவியும். அடியில் நடுவழியே எடுத்தால் மேலே குழியாகும். 6 மீட்டர் குறுக்களவுள்ள களஞ்சியத்தில் நெல் 30 டிகிரிச் சரிவில் குவிந்தால், உச்சி சுவரோரத்தைவிட ஏறத்தாழ 1.7 மீட்டர் உயர்ந்து நிற்கும். உச்சியில் நாடாவை இறக்கி, அந்த மட்டமே எங்கும் என்று கணக்கிட்டால் இல்லாத நெல் 18 டன்னுக்கு மேல் புத்தகத்தில் ஏறிவிடும். கூம்பின் சராசரி உயரம் அதன் உச்சியின் மூன்றில் ஒரு பங்கே. நடுவிலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளி அளந்தால் அந்தச் சராசரி மட்டமே கிடைக்கும். மேற்சொன்ன களஞ்சியத்தில் அது சுவரிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே. குவியலுக்கும் குழிக்கும் இந்த விதி பொதுவானது. அந்த வட்டத்தில் நான்கு திசைகளிலும் அளந்து சராசரி எடுப்பது மேலும் நல்லது.

பருத்திக்கொட்டையிலும் ஈர நெல்லிலும் இன்னொரு வஞ்சகம் உண்டு. கீழே சரக்கு இறங்கிக்கொண்டிருக்கும்; மேலே பாலம் கட்டியதுபோல் அப்படியே நிற்கும். மட்டம் அசையவில்லையே என்று ஓர் ஆள் மேலே ஏறிக் கம்பால் குத்துவார். பாலம் உடையும், ஆள் உள்ளே போவார். தானியத்தில் இடுப்பளவு புதைந்தவரைக் கையால் இழுத்தெடுக்க இயலாது. சாயக் கழிவுநீர்த் தொட்டிகளிலும் அவ்வாறே. சேறு எத்தனை அடி என்று பார்க்க இறங்கியவரை விஷவாயு தாக்க, அவரைத் தூக்கப் போனவரும் விழுந்த செய்திகளைப் பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். மட்டம் பார்ப்பதற்காக எந்தத் தொட்டிக்குள்ளும் எவரும் இறங்கக்கூடாது. இதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் காரியதரிசிக்கும் இல்லை, தலைவருக்கும் இல்லை.

நெசவாளர் சங்கங்களின் சாயச்சாலைகளுக்கு வருவோம். அங்கே நீராவி தரும் பாய்லரின் பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக் குழாய் வெறும் அலங்காரமன்று. அங்கு வேலை செய்வோரின் உயிர் அதில் தெரிகிறது. தண்ணீர் குறைந்து, நெருப்புப் படும் இரும்பு வறண்டால் பாய்லர் சிதறும். அந்தக் குழாயின் கீழ்வழி உப்புப் படிந்து அடைத்துக்கொண்டால், உள்ளே நீர் இறங்கினாலும் குழாயில் நீர் நின்றபடியே நிற்கும். வேலை செய்யும் பாய்லரில் மட்டம் சிறிதாவது ஆடிக்கொண்டிருக்கும். அசையாமல் நிற்கும் மட்டத்தைக் கண்டால் அனுபவமுள்ள பாய்லர்க்காரர் மகிழ மாட்டார். உடனே குழாய்களைத் திறந்து ஊதிப் பார்ப்பார். கண்ணாடிகளை இரண்டாக வைப்பதும் ஒன்றின் பொய்யை மற்றொன்று காட்டிக்கொடுக்கவே.

"இதெல்லாம் கோல் வைத்திருந்த காலத்துக் கவலை, இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டனவே" என்று இளம் இயக்குநர்கள் கூறுகிறார்கள். கருவிகளை நாம் வெறுப்பவர்கள் அல்லர். கொதிக்கும் தொட்டியையும் காஸ்டிக் தொட்டியையும் எட்டிப் பார்க்கும் அவசியத்தை அவை போக்குகின்றன. ஆனால் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டே பேசுகிறது. ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் கருவி காற்றின் வெப்பத்தை அனுமானிக்கிறது. நுரையும் தூசியும் அதன் காதை அடைத்துவிடும். ரேடார் கருவிக்கு அந்தத் தொல்லை குறைவு, விலை கூடுதல். அழுத்தத்தைக் கொண்டு மட்டம் சொல்லும் கருவி திரவத்தின் அடர்த்தியை அனுமானிக்கிறது. நூலுக்கு மெருகேற்றப் பயன்படும் 48 சதவீதக் காஸ்டிக் திரவம் தண்ணீரைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். தண்ணீருக்கென்று திருத்திய கருவியை அந்தத் தொட்டியில் மாட்டினால், ஒரு மீட்டர் திரவத்தை ஒன்றரை மீட்டர் என்று தயங்காமல் கூறும்.

பெரிய ஆலைகளே இதில் வீழ்ந்ததற்கு 2005-ஆம் ஆண்டு இரண்டு சான்றுகளைத் தந்தது. அவ்வாண்டு மார்ச் 23-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 170 அடி உயரமுள்ள கோபுரமொன்றில் திரவம் 158 அடி வரை ஏறிவிட்டது. அதன் மட்டக்கருவியோ அடியிலுள்ள சில அடிகளை மட்டுமே அளக்க அமைந்தது. உள்ளிருந்த திரவத்துக்கு ஏற்றவாறு அது திருத்தப்படவும் இல்லை. கோபுரம் நிரம்பிக்கொண்டிருந்தபோது அது சுமார் 8 அடி என்று காட்டிற்று. உயர்மட்ட எச்சரிக்கைகளில் ஒன்று ஒலிக்கவில்லை. நேரில் பார்க்கவென்று வைத்த கண்ணாடியும் அழுக்கேறிப் பயனற்றுக் கிடந்தது. திரவம் பொங்கி வெளியே வந்து வெடித்ததில் 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமுற்றனர்.

அதே ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி விடியற்காலையில் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்ச் சேமிப்பகத்தில் 912 எண்ணுள்ள தொட்டியில் பெட்ரோல் நிறைந்துகொண்டிருந்தது. சுமார் மூன்று மணியளவில் மட்டக்கருவி சிக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. பெட்ரோல் ஏறியது, எண் ஏறவில்லை. தொட்டி வழியுமுன் தானே அடைக்க வேண்டிய தனி விசை, பூட்டு ஒன்று பொருத்தப்படாததால் செயலற்றிருந்தது. இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல் வழிந்து வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை விடியலாதலால் உயிரிழப்பு இல்லை; 43 பேர் காயமுற்றனர். நம் சங்கங்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. அந்தக் கருவி அதற்கு முந்தைய மூன்றரை மாதங்களில் 14 முறை சிக்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் தட்டி எழுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். சில முறை பதிவேட்டில் எழுதினார்கள், சில முறை எழுதவில்லை. பதினான்கு முறையையும் ஒரே ஏட்டில் வரிசையாக எழுதியிருந்தால், படித்தவர் எவரும் பதினைந்தாம் முறைக்குக் காத்திருக்க மாட்டார்.

ஆகவே நம் கருத்து இதுதான். கோல் மட்டும் போதும் என்பாரோடும் நாம் இல்லை. கருவி மட்டும் போதும் என்பாரோடும் இல்லை. ஒன்றன் குற்றம் மற்றொன்றைத் தொற்றாத இரண்டு அளவுகள் வேண்டும். இரண்டும் ஒவ்வாத நாளில் அதை எழுதிவைக்கும் ஏடு வேண்டும். பொதுக்குழுவில் நிறைவேற்றத்தக்க ஐந்து விதிகளை அங்கத்தினர்களின் ஆலோசனைக்கு வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு தொட்டிக்கும் அளவு அட்டவணை தயாரித்து, ஒரு பிரதியைத் தொட்டியருகிலும் மற்றொன்றைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியிலும் வைக்க வேண்டும். தொட்டியை நகர்த்தினாலும், பழுது பார்த்தாலும், அது சாய்ந்தாலும் புதிய அட்டவணை வேண்டும்.

இரண்டாவது, மாத முடிவிலும் பொறுப்பு மாறும் நாளிலும் இருவர் அளக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பண்டகசாலையைச் சேராதவராக இருக்க வேண்டும். முதலில் சென்டிமீட்டரை எழுதுக. பிறகு அட்டவணையைப் பார்த்து லிட்டரை எழுதுக. சென்டிமீட்டர் இல்லாத இருப்புக் கணக்கைத் தணிக்கையில் நாம் இனி ஏற்பதாக இல்லை.

மூன்றாவது, கருவியுள்ள இடங்களில் மாதம் ஒரு முறை அதைக் கோலோடு ஒப்பிட வேண்டும். காஸ்டிக், கொதிநீர் போன்றவற்றில் ஆள் எட்டிப் பாராதபடி, வேறு வகையான இரண்டாவது கருவியோடு ஒப்பிடலாம். வித்தியாசத்தையும், கருவி சிக்கிய ஒவ்வொரு முறையையும் பதிய வேண்டும்.

நான்காவது, நிரம்பி வழியும் ஆபத்துள்ள தொட்டிகளில் எச்சரிக்கை மணி மட்டக்கருவியோடு சேராமல் தனியே இருக்க வேண்டும். குறித்த நாளில் அதை ஒலிக்கச் செய்து பார்க்க வேண்டும். சாயச்சாலைப் பாய்லரின் கண்ணாடியை ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் ஊதிச் சோதிக்க வேண்டும்.

ஐந்தாவது, மட்டம் பார்க்கத் தொட்டிக்குள் இறங்குவதும் தானியக் குவியல்மேல் ஏறுவதும் அறவே கூடாது என்று எழுதி, யாவரும் காணும்படி மாட்ட வேண்டும்.

இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை என்பது நம் அனுபவம். நேரான கோலும், முத்திரையிட்ட அளவையும், ஒரு நாள் உழைப்பும், கோடிட்ட நோட்டும் இருந்தால் முதல் இரண்டு விதிகளையும் நாளையே தொடங்கலாம். மணியும் கருவியும் வசதி வந்தபோது வரட்டும். சிறிய சங்கங்கள் விலையுயர்ந்த ரேடாரை வாங்கிவிட்டு அட்டவணை இல்லாமல் நிற்பதைவிட, நல்ல அட்டவணையோடு கோலைப் பிடித்து நிற்பது மேல்.

"வேலையாட்களை நம்பாமல் இருவர் அளக்கச் சொல்வது அவர்களை அவமதிப்பதாகாதா?" என்று ஒரு சங்கத் தலைவர் நம்மிடம் கேட்டார். நாம் அந்த எண்ணெய்ச் சங்கக் காப்பாளரை நினைத்துக்கொண்டோம். பொறுப்பேற்ற நாளில் அட்டவணையும், பண்டகசாலையைச் சேராத ஒரு சாட்சியும் அவருக்கு இருந்திருந்தால், அவர் பெயர் ஊர் வாயில் விழுந்திராது. இரண்டாவது கண் நேர்மையான ஊழியருக்குக் காவல்.

சங்கத்தின் தொட்டியில் இருப்பது பல நூறு குடும்பங்களின் உழைப்பு. மேட்டூரின் அடிக்கணக்கை நாள்தோறும் விசாரிக்கும் அங்கத்தினர்கள், அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று, "நம் தொட்டிக்கு அட்டவணை எங்கே?" என்று ஒரு கேள்வி கேட்பார்களாக. பதில் வரும்வரை உட்காராதிருப்பார்களாக.